கோது வராத துவக்கு

பெரும்போகத்து நெல் பால் பிடிக்கும் நாட்களில் பன்றி வட்டைக்குள் இறங்கத் தொடங்கும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் வயல் வைத்திருக்கும் எவரும் இதை அறிவார். பரணில் காவல் இருப்பவர் கையில் ஒரு துவக்கு இருக்கும். பெரும்பாலும் ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர், நடுவில் மடித்துத் திறப்பது. ஒரு வெடி வைப்பார். அடுத்த தோட்டாவைப் போட மடிப்பார். வெறுங்கோது குழலுக்குள்ளேயே இறுகி நிற்கும். நகத்தால் நெம்பிப் பார்ப்பார், பேனாக்கத்தியால் கிளறுவார், வரம்பில் குந்தியிருந்து குழலை மண்வெட்டிப் பிடியில் தட்டுவார். அந்த நேரம் வயலுக்குள் நிற்பது பன்றி என்றால் நெல்தான் போகும். தீகவாபிப் பக்கமும் சாகாமத்திலும் நிற்பது யானையாகவும் இருக்கலாம். யானையைச் சுடச் சட்டம் இடம் தராது. சத்தம் கேட்டு விலகட்டும் என்று வானத்துக்கு வைக்கும் வெடிதான் அந்த மனிதருக்கு இருக்கும் துணை. அதுவும் போய்விட்டால் இருட்டில் அவர் தனி.

அப்படி இறுகிய துவக்குகள் மறுநாள் காலை சாக்கில் சுற்றி எங்கள் பட்டறைக்கு வரும். வாப்பா பூட்டு, சைக்கிள், நீர்ப்பம்பி எல்லாம் திருத்துவார். துவக்குத் திருத்த அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இலங்கையில் துவக்குக்கு அடிப்படை. வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதி, திருத்துபவருக்கு வேறு அனுமதி. பத்திரம் இல்லாமல் வருகிற துவக்கை வாப்பா வாசலிலேயே திருப்பி அனுப்புவார். வாய்வழியே மருந்து இடிக்கும் இடியன் துவக்கையும், விலங்குக்குக் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கையும் தொடவே மாட்டார். கட்டுத்துவக்கின் கயிற்றில் தடக்கிக் கால் போன மனிதர்களை அவர் கண்டிருந்தார். எழுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் இருந்து பழகினேன். அவர் மௌத்தான பிறகு பட்டறை என் பொறுப்பு.

இறுகிய கோதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கோது இறுகுவது ஒரு நோயின் அடையாளம். அதை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் நோய் துவக்குக்குள்ளேயே இருக்கும். எதனால் இறுகியது என்று கோதைப் பார்த்தே சொல்லலாம். பலவந்தம் பண்ணிக் கிழித்து எடுத்த கோது ஒன்றும் சொல்லாது.

வெடிக்கும் கணத்தில் குழலின் பின்வாயை அடைத்து நிற்பது கோதுதான். பன்னிரண்டு போரில் சதுர அங்குலத்துக்கு 10,000 இறாத்தல் அளவில் அழுத்தம் எழும். .303 ரைபிளில் அது 45,000 இறாத்தலையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் கோதின் சுவர் விரிந்து, தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பும் புகையும் பின்னால் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுக்கும். அழுத்தம் தணிந்ததும் பித்தளை கொஞ்சம் சுருங்கித் திரும்பும். அந்தச் சுருக்கம் ஒரு தலைமயிர் அளவுகூட இராது. ஆனாலும் கோது வெளியே வருவது அந்த இடைவெளியில்தான். அழுத்தம் அளவுக்கு மீறினால், சேம்பர் சுவர் சொரசொரப்பாக இருந்தால், கோது பழுதாகியிருந்தால் அந்த இடைவெளி கிடைக்காது.

போல்ட் வைத்த ரைபிள்களில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. கைப்பிடியை மேலே தூக்கும்போதே உள்ளே ஒரு சரிவு வேலை செய்து போல்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். கையின் சிறு பலம் அந்தச் சரிவில் பல மடங்காகிக் கோதை ஒட்டிலிருந்து பெயர்த்துவிடும். அதன்பிறகு பின்னால் இழுப்பது லேசு. ஜேர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசரில் இந்தச் சரிவோடு அகலமான நீண்ட கொக்கியும் சேர்ந்திருக்கும்; கோதின் விளிம்பை நன்றாக அள்ளிப் பிடிக்கும். வேட்டைக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அதை நம்புவது அதனால்தான். எங்கள் விவசாயிகளின் மடக்குத் துவக்கில் இருப்பது குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய நாக்கு. மடிக்கும்போது கோதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கோது கொஞ்சம் அடம்பிடித்தாலும் அந்த நாக்கு வளைந்துவிடும், அல்லது விளிம்பைத் தாண்டி வழுக்கிப் போகும்.

துவக்கு மேசைக்கு வந்ததும் வாப்பா செய்யும் முதல் வேலை கையை எடுத்துக்கொள்வது. கொண்டு வந்தவரிடம் கேட்பார்: வெடி வெடித்ததா, தோட்டாவின் அடியில் உள்ள கேப்பு மட்டும் அடிபட்டதா, சத்தம் எப்படி, தோள் உதைத்ததா? என்னிடம் சொல்வார்:

"மனே, முதல்ல அது வெறுங்கோதா, மருந்தோட இரிக்கிற தோட்டாவா எண்டு பாரு. அதுக்குப் பொறகுதான் மத்த வேலையெல்லாம்."

கேப்பில் ஊசி பட்ட குழி இருப்பதை வைத்து வெடித்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஈரம் பட்ட தோட்டா ஊசி விழுந்தும் பேசாமல் இருக்கும். கொஞ்சம் கழித்தும் வெடிக்கும். விசையை இழுத்து வெடிக்காவிட்டால் குழலை வெளியே நீட்டியபடியே நூறு எண்ண வேண்டும், அதுவரை திறக்கக் கூடாது என்பது காவல்காரர்களுக்கு வாப்பா சொல்லிக் கொடுத்த பாடம்.

பட்டறையில் இதற்கென ஒரு மரக்கம்பி இருந்தது. குழலின் அளவுக்குச் சீவிய நேரான கம்பி. அதில் இரண்டு நூல் கட்டு. மடக்குத் துவக்கு என்றால் முதலில் குழலைக் கட்டையிலிருந்து கழற்றிவிடுவோம். ஊசி இல்லாமல் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. குழலைப் பிடிப்பானில் படுக்கவைத்து, வாய்க்கு நேரே உடம்பை வைக்காமல் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் கம்பியை உள்ளே விடுவோம். கோது வெறுமையாக இருந்தால் கம்பி அடிவரை போகும், முதல் நூல் வாயோடு நிற்கும். சன்னமும் மருந்தும் உள்ளே இருந்தால் கம்பி முன்னதாகவே நின்றுவிடும், இரண்டாவது நூல் வாய்க்கு வரும். இரண்டாவது நூலைக் கண்டால் அந்தக் கம்பிக்கு அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது. மருந்துள்ள தோட்டாவைக் கம்பியால் தள்ளுவது என்ற பேச்சே எங்கள் பட்டறையில் கிடையாது. குழலுக்குச் சூடு காட்டுவதும் கிடையாது.

வெறுங்கோது என்று தெரிந்த பிறகும் அவசரம் இல்லை. வெளியே எடுக்கும் முன்னரே கோதின் விளிம்பில், குழலின் மேல்பக்கத்துக்கு நேரே, பென்சிலால் ஒரு கோடு. பிறகு சேம்பர் பக்கத்திலிருந்து நாலு சொட்டு மண்ணெண்ணெயும் தையல் மெசின் எண்ணெயும் கலந்து விட்டு, குழலை நிமிர்த்தி இரவு முழுக்க வைத்துவிடுவோம். காலையில் மரக்கம்பியை உள்ளே விட்டு உள்ளங்கையால் நிதானமாகத் தள்ளினாலே பாதிக்கு மேல் வந்துவிடும். வராதவற்றுக்கு மீன் வாடியிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பொலித்தீனில் சுற்றிச் சேம்பரின் மேல் கட்டுவோம். குளிரில் பித்தளை உருக்கைவிட அதிகம் சுருங்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அசையாமல் நின்ற கோது மெல்லிய ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும்.

போல்ட் ரைபிளிலும் முறை இதுவே. கைப்பிடி மேலே எழும்பாவிட்டால் கட்டையின் அடியை மேசையில் ஊன்றி, துணிச் சும்மாடு வைத்து உள்ளங்கையால் மட்டும் அழுத்த வேண்டும். எழும்பிய பின் பின்னுக்கு வராவிட்டால் கொக்கி விளிம்பை விட்டுவிட்டது என்று அர்த்தம்; வாய்ப்பக்கமிருந்து பித்தளைக் கம்பி. இரும்புக் கம்பி குழலின் உள்வரிகளைச் சுரண்டிவிடும். சுத்தியலால் கைப்பிடியை அடிப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் கனடாப் படையினரின் கையில் இருந்தது ரொஸ் ரைபிள். குறி பிசகாத நல்ல ரைபிள். ஆனால் அதன் போல்டை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். கைப்பிடியைத் தூக்கிப் பெயர்க்கும் பலம் அதில் இல்லை. சேம்பரும் இறுக்கம். பிரித்தானியாவில் செய்த தோட்டாக்களைப் போட்டுத் தொடர்ந்து சுட்டதும் கோதுகள் இறுகின. எதிரி வந்துகொண்டிருக்கும்போது பதுங்குகுழியில் அந்தப் பிள்ளைகள் போல்டைச் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறந்தார்கள், மண்வெட்டியால் அடித்துத் திறந்தார்கள். 1916க்குள் அந்த ரைபிள்களை எடுத்துவிட்டு லீ-என்பீல்டைக் கொடுத்தார்கள். உதைத்துத் திறந்தால் அடுத்த வெடிக்கும் உதைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கோது வெளியே வந்ததும்தான் எனக்குப் பிடித்த வேலை தொடங்கும். வாசலில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் கோதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெடியின் அழுத்தத்தில் கோதின் சுவர் சேம்பரின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் போய் வந்திருக்கும்; அங்கே குழி என்றால் இங்கே பரு. ரெமிங்டன் 1960இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் கோது பிறகு எல்லா இடமும் பரவியதல்லவா, அதில் இந்தப் பருக்கள் மிகத் தெளிவாக விழும். விளிம்பில் போட்ட பென்சில் கோட்டைக் குழலின் மேல்பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் குழி எந்தப் பக்கம், வாயிலிருந்து எத்தனை விரற்கடை என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். துவக்கைச் சுவரில் படுக்கையாக மாட்டி வைக்கிறார்கள். ஈரம் கீழேதான் தங்கும்.

எங்கள் ஊர் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. கோணாவத்தைப் பக்கம் காற்றை நாக்கில் பிடித்தாலே உப்புக் கரிக்கும். மாரியில் வாடைக்காற்று அந்த உப்போடு ஈரத்தையும் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கும். பழைய தோட்டாக்களின் கேப்பில் இன்னோர் உப்பும் இருந்தது. அந்தக் கேப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்ப்பார்கள். வெடித்ததும் அது குளோரைட் உப்பாகிக் குழல் முழுவதும் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். துவக்கைத் தண்ணீரால் கழுவச் சொன்னால் ஆட்கள் பயப்பட்டார்கள். வாப்பா கேத்தலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து அவர்கள் கண்முன்னே குழலுக்குள் ஊற்றுவார். சூட்டில் குழல் தானே உலர்ந்துவிடும், பிறகு துணி, பிறகு எண்ணெய். இப்போது வரும் தோட்டாக்களில் அந்தக் கேப்பு இல்லை. கடல் மட்டும் அப்படியே இருக்கிறது.

சேம்பருக்குள் குழி ஆழமா, மேலோட்டமா என்று பார்க்க வாப்பா கந்தகம் வார்ப்பார். குழலின் உள்ளே துணி அடைத்து, சேம்பரில் எண்ணெய் தொட்டு, உருக்கிய கந்தகத்தில் விளக்குக் கரி கொஞ்சம் சேர்த்து மெதுவாக ஊற்றுவார். மூக்கை எரிக்கும் வாசனை. ஆறியதும் தள்ளி எடுத்தால் சேம்பரின் உட்பக்கம் அப்படியே வெளிப்பக்கமாக, கோதைப் போன்ற ஒரு வார்ப்பாகக் கையில் இருக்கும். அதில் ஒவ்வொரு துருக்குழியையும் தொட்டுப் பார்க்கலாம். குழியைத் தேய்த்து இல்லாமல் ஆக்க முயலக் கூடாது; அப்படிச் செய்தால் சேம்பர் பெருத்துப்போகும், கோது விரிந்து கிழியும். கோதைக் கவ்வுவது குழியின் கூரான ஓரம்தான். மரத்தண்டில் மிக மெல்லிய எமரி சுற்றி அந்த ஓரத்தை மட்டும் மழுக்கினால் போதும். நல்ல வேலைக்கு அடையாளம், குழி இருந்தபடி இருக்கக் கோது தானாக வருவது.

எல்லா இறுக்கத்துக்கும் துரு காரணமில்லை. பேர்மிங்ஹாமில் செய்த பழைய துவக்குகள் இந்தக் கரையில் பல தலைமுறையாகக் கை மாறி வருகின்றன. அந்த நகரத்தின் பரிசோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது. அதன் முத்திரைகள் குழலின் அடித்தட்டையில் இருக்கும். கட்டையிலிருந்து கழற்றினால்தான் தெரியும். அங்கே 2½ அங்குலம் என்று பொறித்திருந்தால் அந்தச் சேம்பர் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு. இப்போது கிடைப்பவற்றில் அநேகம் 70. இதில் ஒரு பொறி இருக்கிறது: தோட்டாவில் எழுதியிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்கும் முன் வாய் மடிந்திருப்பதால் 70 தோட்டா 65 சேம்பருக்குள் அழகாக உட்கார்ந்துவிடும், துவக்கும் நன்றாக மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் முன்னால் உள்ள ஒடுங்கிய பகுதிக்குள் திறந்து வழியை மறிக்கும். அழுத்தம் எகிறும், தோள் உதைக்கும், கோது இறுகும். வெளியே எடுத்த கோதின் வாயைப் பார்த்தால் நைந்து, நீண்டு, ஓரம் பிய்ந்திருக்கும். பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கையைப் பிடித்துக் கேட்கிறேன். துரு கோதைப் பிடிக்கும், அதோடு சரி. இது ஒரு நாள் குழலையே பிளக்கும்.

வெயிலும் சேரும். சிறுபோகத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோட்டாவை உழவு இயந்திரத்தின் பெட்டியில் வெயிலில் வைத்திருப்பார்கள். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும். ஆங்கிலேயர் இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் கோர்டைட் மருந்தோடு வேட்டைக்கு இறங்கிய காலத்தில் இதை அனுபவத்தில் கற்றார்கள். இங்கிலாந்துக் குளிரில் சோதித்த தோட்டா இங்கே வந்து இறுகியது. ஜெஃப்ரி கம்பெனி 1902 அளவில் தன் .400 தோட்டாவைச் சற்றுக் குட்டையான 3 அங்குலக் கோதோடு கொண்டுவந்தது இந்த இறுக்கத்தைத் தீர்க்கத்தான். ஜிம் கார்பெட் கையில் இருந்த கனமான இரட்டைக் குழல் ரைபிள் அந்தத் தோட்டாவுக்குரியது. ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் 1912இல் வெளியிட்ட .375க்கு நீளமாகச் சரிந்து ஒடுங்கும் உடம்பு. ஒரு நூல் அளவு பின்னே வந்ததும் கோது முழுவதும் சுவரை விட்டுவிடும்.

நான் கையால் தொட்ட போல்ட் ரைபிள்கள் சிலதான். அவற்றில் மறக்க முடியாதது அக்கரைப்பற்றுப் போடியார் ஒருவர் கொண்டுவந்த .303. பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த லீ-என்பீல்ட் சாதி, வேட்டைக்கென முன்கட்டை குறைத்தது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது காட்டு வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து அவருடைய தகப்பன் வாங்கியதாம், பத்திரங்கள் சரியாக இருந்தன. "வெடிச்ச பொறகு போல்ட் சுகமா வந்திச்சு, மற்றத் தோட்டா உள்ளுக்குப் போகுதில்ல" என்றார். கூடவே வெளியே வந்த பித்தளைத் துண்டையும் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல பழக்கம். கோதின் அடிப்பாகம் மட்டும், ஒரு விரற்கடை உயரம். மிச்சக் கோது தலையில்லாமல் சேம்பருக்குள் நிற்கிறது.

வாப்பா ரைபிளைத் தொடாமல் அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோது இழுபட்டு அறுந்தால் அறுந்த வளையத்துக்குப் பக்கத்தில் பித்தளை மெலிந்து மினுங்கும். இதில் மெலிவு இல்லை. உடைந்த இடம் கறுத்து, மண்சட்டி உடைந்ததுபோல் பொருக்காக இருந்தது. "மிச்சத் தோட்டா எங்க வெச்சிரிக்கீங்க ஹாஜியார்?" என்று கேட்டார். பிஸ்கட் டின் வந்தது. திறந்தபோது சில தோட்டாக்களின் கழுத்தில் மயிரிழை போல நெடுக வெடிப்பு, சுற்றிலும் நீலப்பச்சைப் பூச்சு. சுடாத தோட்டாக்கள்! டின் இருந்த இடம் வயல் வாடியின் பரண். அதற்குக் கீழே யூரியா மூட்டைகள். வாடியோடு ஒட்டி மாட்டுக் கொட்டில்.

ஏன் என்பதை நான் பிறகு ஒரு தொழில்நுட்பப் புத்தகத்தில் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைக்கு இதே தலைவலி. மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளை, சுடாமலே வெடித்துப் பிளந்தது. பருவம் பார்த்து வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். காரணத்தை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல்தான் தெளிவாக எழுதினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா. கோதின் பித்தளையில் பத்துக்கு மூன்று பங்கு நாகம், மிச்சம் செம்பு. அடித்து நீட்டிக் கோதாக்கும்போது அந்த உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். அமோனியாவும் ஈரமும் சேர்ந்து அந்த இழுவை உள்ள இடத்தைத் தேடித் தின்னும். கோதை அளவான சூட்டில் பதப்படுத்தி இழுவையைத் தளர்த்தினால் நோய் குறையும். ஈரம் பட்ட யூரியா விடுவதும் அதே அமோனியா. எங்கள் விவசாயிகள் உரமும் தோட்டாவும் ஒரே கூரையின் கீழ் வைப்பது பக்கத்தில் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில். லாயத்துக்குப் பக்கத்தில் தோட்டா வைத்த படைக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும் நேர்ந்தது.

தலையில்லாத கோதை எடுக்க இராணுவத்தில் ஒரு செருகு கருவி உண்டு, எங்களிடம் இல்லை. வாப்பா போல்டைக் கழற்றி வைத்தார். குழல் துடைக்கும் கம்பியின் நுனியில் .303 குழலுக்குக் கொஞ்சம் பெரிதான வெண்கலப் பிரஷைத் திருகினார். சேம்பர் பக்கத்திலிருந்து உள்ளே செலுத்தி, பிரஷின் முன்பாதி கோதின் கழுத்தைத் தாண்டியதும் நிறுத்தினார். கம்பி கழுத்துக்குள் போகும்போது பிரஷ் மயிர்கள் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். தாண்டியதும் நிமிர்ந்து கழுத்தின் வாயில் கொக்கிகளாக நிற்கும். பிறகு எண்ணெய் விட்டுப் பொறுத்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்து, கம்பியை இடமும் வலமும் திருப்பாமல் ஒரே நேராக, மூச்சுப் பிடித்து இழுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுவையில் மிச்சக் கோது பிரஷோடு சேர்ந்து வந்து மேசையில் விழுந்தது. அதன் வயிற்றிலும் நெடுக ஒரு வெடிப்பு. போடியார் சிரித்தார், வாப்பா சிரிக்கவில்லை. அந்த டின்னில் இருந்த எதையும் சுடக் கூடாது, உரிய இடத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள் என்று அவர் வாக்குக் கொடுக்கும்வரை ரைபிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடிப்பாகம் பிளந்து வாயு பின்னால் பாய்ந்திருந்தால் அந்த மனிதரின் கண் போயிருக்கும்.

எண்பதுகளில் யுத்தம் எங்கள் பகுதிக்கு வந்தபோது உரிமம் உள்ள துவக்குகளையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். பயிர்க் காவல் என்பதே நின்றுபோன இரவுகள் அவை. வயலுக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். பல வருடம் கழித்துத் திரும்பி வந்த துவக்குகளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எண்ணெய் தொட யாரும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்திருந்தன. சேம்பர்கள் செங்கல் நிறம். திரும்பி வராதவற்றைப் பற்றி என்ன சொல்ல. வந்தவற்றில் கந்தகம் வார்த்துப் பார்த்து, இது இனி வேண்டாம் என்று நான் சொன்னபோது சிலர் மனம் நொந்து போனார்கள். வாப்பாவின் வாப்பா வைத்திருந்த துவக்கு என்பார்கள். துருவுக்கு அது தெரியாதே.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தது வேறு வகை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. ஆட்களைத் தேடி அலுத்த பிறகுதான் பொருட்களைத் தேடினார்கள். கரையோரத்து வீடொன்றின் இடிபாட்டுக்குள் இருந்து எடுத்த மடக்குத் துவக்கொன்றை, பொலிஸ் நிலையத்தில் அறிவித்துவிட்டு, அந்த வீட்டில் மிஞ்சியிருந்த மகன் கொண்டுவந்தார். தகப்பனுடைய துவக்கு. மணலும் உப்பும் காய்ந்து மூட்டு அசையவில்லை. நன்னீரில் ஊறவைத்து, மணலைக் கரைத்து, மெதுவாகத் திறந்து பார்த்தால் சேம்பரில் தோட்டா. பித்தளை அடி பச்சை பிடித்துச் சுவரோடு ஒட்டியிருந்தது. கேப்பில் குழி இல்லை. மருந்தோடு இருக்கும் தோட்டா.

கம்பியைத் தொடவில்லை. குழலை மட்டும் தனியாகக் கழற்றி, வாய் பட்டறைக்கு வெளியே மணல் மேட்டைப் பார்க்க, பிடிப்பானில் வைத்தேன். பின்பக்கமிருந்து எண்ணெய் விட்டேன். அடுத்த நாளும் விட்டேன், அதற்கடுத்த நாளும். பித்தளைத் தகட்டில் நகத்தளவு கொக்கி ஒன்று அராவி, கேப்புப் பக்கம் போகாமல் விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் கொடுத்துக் கொஞ்சம் நெம்பி, குழலைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் கொஞ்சம், இப்படியே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் விளிம்பு கிழியும். ஒரு சுற்றில் அது கழன்று கொடுத்தது. அந்தத் தம்பி முழு நேரமும் வாசலில் நின்றார், பேசவில்லை. தோட்டாவை உரியவர்களிடம் ஒப்படைத்தோம். துவக்கு சுடத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தை இரத்துச் செய்ய அந்தக் கடதாசி தேவைப்பட்டது.

இப்போது யானை வேலி வந்திருக்கிறது, யானை வெடி கொடுக்கிறார்கள், துவக்கு வைத்திருப்பவர் தொகை குறைவு. ஆனாலும் பன்றி குறையவில்லை. தோட்டா எண்ணித்தான் கிடைக்கும் என்பதால் மிச்சம் பிடித்து வருடக் கணக்கில் வைக்கிறார்கள். பழைய தோட்டாவே இறுகும் கோதுகளுக்குப் பெரிய காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன். உரத்துக்கும் மாட்டுக்கும் தூரமாக, வாய் இறுகிய டின்னில், வீட்டுக்குள் உயரமான பூட்டிய அலுமாரியில் வையுங்கள். டின்னுக்குள் துணியில் கட்டிய வறுத்த அரிசி ஒரு பிடி ஈரத்தை எடுக்கும், மாரி தொடங்கும்போது அதை மாற்றுங்கள்.

உரிமம் டிசம்பர் முடிவில் புதுப்பிக்க வேண்டும் என்பதால் துவக்குகளை அந்த மாதத்தில்தான் என்னிடம் தூக்கி வருகிறார்கள். அது பிந்திய வேளை. அப்போது மழை நடுவில் நிற்கும், பன்றியும் இறங்கியிருக்கும், பட்டறையில் ஒரே நேரத்தில் பலருடைய துவக்கு கிடக்கும். விதைப்பு முடிந்த கையோடு, ஒக்டோபரிலேயே கொண்டு வாருங்கள். சேம்பரைப் பார்க்கவும், குழலடி முத்திரையை வாசித்து உங்கள் தோட்டாவின் நீளத்தோடு ஒப்பிடவும் அரை நாள் போதும். கந்தகம் வார்க்க வேண்டி வந்தால் இன்னொரு நாள். கோது ஏதாவது இறுகி வந்திருந்தால் அதைக் குப்பையில் போடாமல் துவக்கோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள்.